மூன்றாவது தட்டு

அத்தியாயம் பதினொன்று

கணவனை இழந்து நூற்று முப்பது நாள் திரைக்குள் இத்தா இருக்கும் பெண்ணுக்குக் கலண்டர் வேண்டியதில்லை. கைவிரல் போதும். ஸுலைஹாவுக்கு அன்று எண்பத்தோராவது நாள். நூற்று முப்பதில் எண்பத்தொன்று போனால் மிச்சம் நாற்பத்தொன்பது. காலையில் கண் விழித்ததும் இதைத்தான் முதலில் எண்ணுவாள். கணவன் இல்லை என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வரும். ஒரு நாளாவது இந்த வரிசை மாறித் தொலையாதா என்று அவளுக்கே அலுத்துப்போயிருந்தது.

போன வாரம் பளீல் முதலாளி பள்ளிவாசலிலிருந்து வந்த வேகத்தில், செருப்பைக்கூடக் கழற்றாமல், "வார ஞாயித்துக்கிழமையோட இந்தச் சங்கத்துக்கு ஒரு முடிவு" என்று உறுமிவிட்டுப் போனார் அல்லவா? அந்த ஞாயிற்றுக்கிழமை கண்டி மஹய்யாவ வீட்டின் ஓடுகள் மேல் மெல்ல விடிந்துகொண்டிருந்தது.

சங்கம் பளீலின் தம்பி மஹ்மூதுடையது. அவர்தான் ஸுலைஹாவின் கணவர். வாரத்தில் ஆறு நாள் அண்ணனின் கண்டிப் புடவைக்கடையில் துணி அளந்து கிழிப்பார். கடை பூட்டுகிற ஏழாவது நாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். குண்டசாலை, மடவளை, அக்குறணை, வத்தேகம, மடுல்கெல்ல என்று ஐந்து ஊரில் ஐந்து வாலிபர் சங்கம். பத்திரிகை வாசிப்பார்கள், பந்தடிப்பார்கள், பாதை வெட்டுவார்கள், கிணறு இறைப்பார்கள். எந்த வீட்டில் மரணம் என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பார்கள். ஒன்பது வருஷம் ஒரு ஞாயிறு தவறாமல் போன மனிதர், மகாவலி வற்றிக் குட்டை குட்டையாகக் கிடந்த போன வருஷக் கடைசியில் பையன்களோடு வீடு வீடாக மலேரியாவுக்குக் கொயினாக் குளிசை கொண்டு போனார். அந்த மலேரியாக் காய்ச்சலே அவரையும் நோன்பு மாதத்தின் கடைசிப் பத்து நாளில் கொண்டுபோய்விட்டது.

"மதினி, பெரிய நானா அலுமாரிச் சாவி கேக்கிறாரு."

தேநீர்க் கோப்பையோடு திரையை விலக்கி வந்தவள் பாயிஸா. மஹ்மூதின் தங்கை, பத்தொன்பது வயது; பளீல் அவளுக்குப் பெரிய நானா, பெரிய அண்ணன். இந்த எண்பத்தொரு நாளாய் ஸுலைஹாவின் கால், கை, வாய் எல்லாம் இவள்தான்.

"எனத்துக்காம்?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்களேன். சங்கத்துக் கொப்பி உள்ளுக்குத்தானே ஈக்கி. இண்டைக்கு முடிச்சிக் கையெழுத்து வாங்கி, கொப்பியக் கடைப் பெட்டகத்துல வெச்சிப் பூட்டப் போறாராம்."

"கொப்பிய நானே எடுத்துத் தாரன் எண்டு சொல்லு. அவர்ட உடுப்பெல்லாம் அதுக்குள்ள ஈக்கி. இன்னொரு ஆள்ட கை படவாணாம்."

பாயிஸா போகாமல் நின்றாள்.

"ஒங்களுக்குக் கவல இல்லையா மதினி? சங்கம் இல்லாமப் போனா சின்ன நானாட பேரும் அதோட போயிடுமே."

"பேரா?" ஸுலைஹா கோப்பையைக் கீழே வைத்தாள். "ஒம்பது வருஷத்து ஞாயித்துக்கிழமைய அந்தப் பையன்களுக்குக் குடுத்தன். புள்ள குட்டியும் இல்ல எனக்கு. கடைசில ஆளையும் எடுத்துக்கொண்டானுகள். இன்னும் என்னத்தக் குடுக்கச் சொல்றாய்? மூணு தட்டுத் தட்டி முடிச்சா எனக்கு நிம்மதி."



இந்த மூன்று தட்டு என்னவென்று சொல்லியாக வேண்டும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் குண்டசாலையில் முதல் சங்கம் தொடங்கியபோது மணியும் இல்லை, மேசையும் இல்லை. ஒரு வெறும் தேயிலைப் பெட்டிதான் இருந்தது. மஹ்மூத் அதில் கைமுட்டியால் இரண்டு தட்டுத் தட்டினால் கூட்டம் ஆரம்பம். மூன்று தட்டினால் முடிந்தது, எழுந்து போகலாம். நடுவில் யாரும் எழுந்து போகக்கூடாது, ஆளை ஆள் சாதி மதம் சொல்லிப் பேசக்கூடாது, முக்கியமாகப் பொய் சொல்லக்கூடாது. மணியும் மேசையும் வந்த பிறகும் பையன்கள் பெட்டியை விடவில்லை.

மார்கழியில் ஐந்து சங்கமும் சேர்ந்து குண்டசாலையில் கூடியிருந்தபோது, ஆற்றங்கரை வீடொன்றில் ஐந்து பேர் காய்ச்சலில் கிடக்கிறார்கள் என்று யாரோ ஓடி வந்து சொன்னார்கள். மஹ்மூத் எழுந்தார். "கூட்டம் இன்னும் தொடங்கல்ல. நான் வந்து தொடங்கி முடிச்சித் தாரன்" என்று சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வரவில்லை.

அன்றிலிருந்து பையன்கள் ஞாயிறுதோறும் அந்தப் பெட்டியைச் சுற்றிக் கூடுகிறார்கள். பெட்டியில் கை வைக்க ஒருவனுக்கும் துணிவில்லை. இரண்டு தட்டு இல்லாமல் கூட்டம் தொடங்காது, மூன்று தட்டு இல்லாமல் முடியாது. ஒரு மணி நேரம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். இப்படியும் ஒரு பிடிவாதமா என்று கேட்பீர்கள். மஹ்மூத் வளர்த்த பையன்கள், வேறு எப்படி இருப்பார்கள்?

பளீல் பேசிப் பார்த்தார், அதட்டிப் பார்த்தார். கடைசியில் அவர்களே ஒரு வழி சொன்னார்கள். "மஹ்மூத் நானாட வீட்டிலிருந்து மூணு தட்டு வந்தா கலைஞ்சி போயிடுறம்." சரி, ஞாயிறு பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு வீட்டுக்கே வாருங்கள், பெற்ற உம்மா தட்டுவார் என்று பளீல் நாள் குறித்துவிட்டார்.

காலை ஒன்பது மணியளவில் திரைக்கு வெளியே பளீலின் செருமல் கேட்டது. இத்தாவில் இருப்பவளின் முகம் கணவனின் அண்ணனுக்குத் தெரியக்கூடாது, குரலும் கேட்கக்கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். நடுவில் பாயிஸா நிற்பாள். இரண்டு பேருக்கும் மற்றவர் பேசுவது நன்றாகவே கேட்கும். ஆனாலும் பாயிஸா ஒவ்வொரு வார்த்தையையும் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வர வேண்டும்.

"அந்தப் புள்ளக்கிட்டச் சொல்லு பாயிஸா, நான் சங்கத்துக்கு எதிரியில்ல."

பாயிஸா திரைக்குள் தலையை நீட்டினாள். ஸுலைஹா தலையசைத்தாள்.

"வெளங்குதாம் நானா."

"தாஸிம்ட வாப்பா முந்தாநாள் கடைக்கு வந்தாரு." பளீலின் குரல் இறங்கியது. "குண்டசாலைப் பையன், பதினெட்டு வயசு. தம்பி மௌத்தாகி ஒம்பதாம் நாள் அதே காய்ச்சல்ல போனான். ஒரே புள்ள. மகன அடக்கக் கபன் துணி கிழிச்சி வாங்கின அதே இடத்துல நிண்டுக்கொண்டு அந்த மனிசன் சொல்றாரு, 'ஒங்கட தம்பி கூப்பிடாட்டி என்ட மகன் அந்த ஆத்தங்கரைக்குப் போயீக்க மாட்டான் முதலாளி' எண்டு. நான் எனத்தச் சொல்ல? துணிய மடிக்கிற மாதிரி தலையக் குனிஞ்சிக்கொண்டன்."

பளீல் மறுபடி செருமினார்.

"ஊர்வாய மூட ஒலமூடி இல்ல. ஊர் பேசினா பேசட்டும். ஆனா இன்னொரு வாப்பா அந்த எடத்துல வந்து நிண்டா என்ட நெஞ்சு தாங்காது. அதுதான் முடிக்கச் சொல்றன். அந்தப் புள்ளக்கி இதுல மனவருத்தம் ஈக்கா எண்டு கேளு."

ஸுலைஹா பாயிஸாவின் காதருகே குனிந்தாள். "இல்ல எண்டு சொல்லு. அவர் செய்றது சரிதான்."

உண்மையாகத்தான் சொன்னாள். அந்த நேரத்தில்.

லுஹர் தொழுது முடித்து, இடுப்புச் சாவியை எடுத்து அலுமாரியைத் திறந்தாள். மஹ்மூதின் வெள்ளைச் சட்டைகள் மடித்தபடி இருந்தன. அடியில் அந்தக் கொப்பி. கனத்த மட்டை போட்டது, மழையில் நனைந்து காய்ந்து மூலைகள் உப்பியிருந்தன. இந்த ஒன்பது வருஷத்தில் அவள் அதைத் தொட்டதே இல்லை. கல்யாணமான முதல் வருஷமே ஒரு சண்டையில் சொல்லிவிட்டாள்: "சங்கத்துப் பேச்ச வாசல்லயே கழட்டி வெச்சிட்டு வாங்க." சொன்னால் சொன்னபடி கேட்கிற மனிதர். அன்றிலிருந்து ஒரு வார்த்தை வீட்டுக்குள் வரவில்லை. அப்படிச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று எத்தனையோ முறை தோன்றியது. ஆனால் வீம்பும் ஒரு பிள்ளை மாதிரிதான், வளர்த்துவிட்டால் வீட்டை விட்டுப் போகாது.

பாயிஸாவிடம் கொடுக்கத்தான் எடுத்தாள். கை சும்மா இருக்கவில்லை, நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்தது. அவர் எழுத்தைப் பார்க்கலாம் என்ற ஆசை. ஆனால் அது வேறொருவனின் கோழிக்கிறுக்கல். ஒவ்வொரு ஊர்ச் செயலாளரும் தன் ஊர்க் கூட்டத்தைத் தன் கையாலேயே எழுதியிருந்தான்.

'நானாவின் வீட்டிலிருந்து இன்று ரொட்டியும் சம்பலும் வந்தன. இருபத்தெட்டுப் பேர் பங்கிட்டோம். ராத்தாவுக்கு நன்றி கூறும் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.'

ராத்தாவா? இவர்கள் அக்காவென்று அழைக்கிற அந்த ராத்தா யார்?

அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். 'ராத்தா அனுப்பிய இடியப்பம் முப்பத்தொரு பேருக்கு. ஆளுக்கு ஒரு வாய். நன்றித் தீர்மானம்.' இன்னொரு பக்கம், மடுல்கெல்ல. 'பெருநாள் இனிப்பாகத் தொதல். ராத்தாவின் கைக்குத் தங்க வளையல் போடலாம் என்று கறுப்பையா முன்மொழிந்தார். வளையல் வாங்க வழியில்லாததால் கைதட்டலோடு நிறைவேறியது.'

ஸுலைஹா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஞாயிறுதோறும் பித்தளைத் தூக்குச்சட்டியில் பகல் சாப்பாடு கட்டிக் கொடுப்பாள். சாயந்தரம் சட்டி வழித்துத் துடைத்தாற்போல் வரும். "மேடு ஏறின பசி" என்பார் அவர். இரண்டு ரொட்டி நாலாயிற்று, நாலு பத்தாயிற்று, சட்டி பெரிதாயிற்று. அப்போதும் வெறும் சட்டிதான். "நோஞ்சான் உடம்புல யானை வயித்த வெச்சிக்கொண்டு திரியிறாரு எங்கட ஆள்" என்று அடுத்த வீட்டுப் பெண்களிடம் சொல்லிச் சிரித்தது எத்தனை நாள்! அந்த மனிதர் ஒரு ஞாயிறாவது வயிறாரச் சாப்பிட்டிருப்பாரா?

புரட்டிக்கொண்டே போனாள். ஒன்பது வருஷம், ஊருக்கு ஒரு கையெழுத்து, பக்கத்துக்குப் பக்கம் ராத்தா. பிள்ளையில்லாத இவள், முகம் தெரியாத ஐந்து ஊர்ப் பையன்களுக்கு ஒன்பது வருஷமாய்ச் சோறு போட்டிருக்கிறாள். இவளுக்குத்தான் தெரியவில்லை.

பிறகு அந்தப் பக்கம் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முந்திய ஒரு ஆவணி ஞாயிறு. அந்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அவள் தங்கை ரபீகாவின் நிச்சயப் பேச்சுக்கு வராமல் சங்கத்துக்குப் போகிறேன் என்று நின்றார். அடுப்புப் பற்றவைக்க மாட்டேன் என்று சட்டியைக் கிணற்றடியில் வீசி எறிந்தாள். வெறுங்கையோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

'இன்று சட்டி வரவில்லை. ராத்தாவுக்குச் சுகமில்லை என்று நானா சொன்னார். ராத்தா சுகமடைய அவரவர் முறைப்படி பிரார்த்தித்தோம். மாரியம்மன் கோயிலில் விளக்கேற்றுவதை மடுல்கெல்லத் தோழர்களும், பன்சலையில் புத்தருக்குப் பூ வைப்பதைக் குண்டசாலைத் தோழர்களும் ஏற்றுக்கொண்டார்கள்.'

இரண்டு தட்டுக்கும் மூன்று தட்டுக்கும் நடுவில் பொய் சொல்லக்கூடாது. அந்தச் சட்டம் போட்டவரே, கோபக்காரப் பெண்டாட்டியின் மானத்தைக் காக்கத் தன் சட்டத்தைத் தானே மீறியிருக்கிறார். வீட்டுக்கு வந்தும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"யா அல்லாஹ்" என்றாள். எண்பத்தொரு நாளும் அழுதவள்தான், ஆனால் அந்த அழுகையில் பாதி கோபம். இன்று வந்ததில் கோபம் இல்லை. அதனாலேயே தாங்க முடியவில்லை.

"மதினி, வந்துட்டாங்க!" பாயிஸா ஓடி வந்தாள். "என்ன இது, மொகமெல்லாம் வீங்கிப் போயீக்கி? கொப்பியத் தாங்க."

முன்கூடத்தில் பதினொரு பேர். வத்தேகமவிலிருந்து ரயிலிலும் மற்ற ஊர்களிலிருந்து நடந்தும் வந்தவர்கள். கதிரை போட்டும் ஒருவரும் உட்காரவில்லை. தேயிலைப் பெட்டியைக் குண்டசாலையிலிருந்து தலையில் சுமந்து வந்து கூடத்து நடுவில் வைத்திருந்தார்கள். திரையின் ஓரத்து இடுக்கில் ஸுலைஹாவுக்குக் கால்கள்தான் தெரிந்தன. செம்மண் படிந்த, செருப்பில்லாத கால்கள்.

பளீல், தாஸிமின் வாப்பா கடைக்கு வந்து நின்றதைச் சொன்னார். காலையில் சொன்னதைப் போலவே சொன்னார், குரல் அதே இடத்தில் இறங்கியது.

பதில் சொன்னவன் முத்துலிங்கம். மடுல்கெல்லச் சங்கத்துச் செயலாளர், தேயிலைத் தோட்டத்துப் பையன், இருபத்துநாலு வயது இருக்கும்.

"முதலாளி சொல்றது நாயந்தாங்க. தாஸிம் எங்க கூட்டாளி. அவன் சாவுக்கு நாங்க பதினாலு மைல் நடந்து வந்தோம். ஆனா ஒண்ணு சொல்லிக்கிறேங்க. எங்க தோட்டத்துக்குள்ள வெளியாளு யாரும் வரக்கூடாதுன்னு தொரை உத்தரவு. நானா வாராரேன்னு, எல்லைக் கல்லுக்கு வெளிய ரோட்டோரமா உக்காந்து பேசுவோம். மழை பேஞ்சா நனைஞ்சிக்கிட்டே பேசுவோம். எங்களை யாருமே அதுவரைக்கும் 'வாங்க, உக்காருங்க'ன்னு சொன்னதில்லைங்க. நானாதான் சொன்னாரு. ராத்தா குடுத்தனுப்பின ரொட்டியப் பிச்சு, எங்க கூடவே மண்ணுல உக்காந்து தின்னாரு."

இந்துப் பையன் வாயிலிருந்து ராத்தா என்ற சொல் வந்ததும் பளீல் நிமிர்ந்து பார்த்தார்.

"காய்ச்சல் இன்னும் விடலைங்க. ஆத்தங்கரையில கஞ்சி காய்ச்சிக் குடுக்க ஆளில்லாத வீடு இருக்கு. அவனவன் தனித்தனியாப் போயிக்கிட்டுத்தான் இருக்கோம். சேந்து ஒரு ஏற்பாடு செய்யத்தான் கூட்டம் வேணும். ஆனாலும் வீட்டு வார்த்தைன்னா வீட்டு வார்த்தைதான். மூணு தட்டு வந்தாச் சத்தமில்லாமப் போயிருவோம்."

"உம்மா" என்றார் பளீல்.

இவர்களைப் பெற்ற தாய் சித்தி றலியா, பிள்ளை போன நாளிலிருந்து சங்கத்தைச் சபிக்காமல் ஒரு வேளை சோறு உண்டதில்லை. "என்ட மகனத் தின்ட சங்கம்" என்பதுதான் அவர் பல்லவி. இன்று தட்டுவதற்கு முதல் ஆளாகச் சம்மதித்தவரும் அவரே. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பெட்டி அருகே வந்து குனிந்தார். கையை ஓங்கினார்.

பெட்டியின் மேல் பலகை முழுக்கச் சொரசொரப்பு. ஓரிடம் மட்டும், உள்ளங்கை அகலம், தட்டித் தட்டி வழுவழுவென்று ஆகியிருந்தது. ஓங்கிய கை விரிந்து அந்த இடத்தில் படிந்தது. பிள்ளையின் முதுகைத் தடவுகிற மாதிரி ஒரு தடவை தடவினார். பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்!

"எனக்கு ஏலா மகன்" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார். "அவன்ட பொஞ்சாதி உள்ளுக்கு ஈக்காள். அவள் தட்டட்டும். அவளுக்குத்தான் உரிம."

பளீல் யோசித்தார். அந்தப் புள்ளதான் காலையிலேயே சரி என்று சொல்லிவிட்டதே? தலையசைத்தார். பாயிஸா பெட்டியை இழுத்துத் திரைக்கு அடியால் அறைக்குள் தள்ளினாள்.

வெள்ளைச் சேலையின் முந்தானையைச் செருகிக்கொண்டு ஸுலைஹா பெட்டிக்கு முன்னால் மண்டியிட்டாள். பழைய தேயிலை மணமும் மழை மணமும் வந்தன. அவர் சட்டையில் ஞாயிறு சாயந்தரங்களில் வந்த மணம் இதுதான். இத்தனை வருஷம் துவைத்தும் அவளுக்கு அது என்னவென்று தெரிந்திருக்கவில்லை.

விரல்களை மடக்கினாள்.

ஒன்று.

வெளியே ஒரு பையன் மூச்சை இழுத்தது கேட்டது.

இரண்டு.

கை மூன்றாவது முறை உயர்ந்தது. தாஸிமின் வாப்பா கண்ணுக்குள் வந்து நின்றார். முகம் தெரியாத மனிதர், ஆனாலும் வந்து நின்றார். இந்த மூன்றாவது தட்டுப் போட்டுவிட்டால் அவரைப் போல் இன்னொருவர் வரமாட்டார். போடாவிட்டால் வரலாம். வந்தால், வெறுங்கையோடு சைக்கிளைத் தள்ளிப் போனவரைக் கேட்க முடியாது. கேள்வி இவளிடம்தான் வரும்.

திரைக்கு அப்பால் ஒன்பது வருஷமாய் இவள் சோற்றைத் தின்ற பதினொரு பேர், அசையாமல் நின்றார்கள்.

கையை மெதுவாக இறக்கினாள். விரல்களை விரித்து, சத்தமில்லாமல், அந்த வழுவழுப்பான இடத்தில் வைத்தாள்.

ஒரு நிமிஷம் போயிற்று.

"ராத்தா..." முத்துலிங்கத்தின் குரல் தடுமாறியது. "ரெண்டுதானுங்களா?"

அவள் பேச முடியாது. பாயிஸாவைப் பார்த்தாள். பாயிஸா உதட்டைக் கடித்துக்கொண்டு திரையை விட்டு வெளியே போனாள்.

"ரெண்டுதான்" என்றாள். "கூட்டம் தொடங்கியாச்சி."

தொப்பென்று பதினொரு பேரும் தரையில் உட்கார்ந்த சத்தம் கேட்டது. யாரோ ஒருவன் வாய்விட்டு அழுதான். கூட்டம் தொடங்காததால் எண்பத்தொரு நாளாய் அவர்களால் ஒரு அனுதாபத் தீர்மானம்கூட நிறைவேற்ற முடியவில்லை என்பது அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. முதல் தீர்மானம், மஹ்மூத் நானா. இரண்டாவது, தாஸிம். முத்துலிங்கம் வாசிக்க வாசிக்க, சங்கத்தைச் சபித்த வாயால் சித்தி றலியா ஒவ்வொரு பெயருக்கும் ஆமீன் சொன்னார். மூன்றாவது, கஞ்சித் தொட்டி. மறுநாளே தொடங்குவதாக முடிவாயிற்று.

எல்லாம் ஆனபிறகு பளீல் எழுந்து திரைக்கு அருகே வந்து நின்றார். இந்த முறை பாயிஸாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. நேராகவே பேசினார்.

"சரி புள்ள. தட்டினது நீ. நான் தடுக்கல்ல. இனி ஒரு வாப்பா கடைக்கு வந்து நிண்டா, நான் இந்த வீட்டுக்குத்தான் கூட்டிக்கொண்டு வருவன். நீதான் பதில் சொல்லோணும்."

திரைக்குள் ஸுலைஹா தலையசைத்தாள். அதை அவரால் பார்க்க முடியாது என்பது கொஞ்சம் கழித்துத்தான் நினைவுக்கு வந்தது. பளீல் செருப்பை மாட்டிக்கொண்டு, குடையை மறந்து, வெயிலில் இறங்கிப் போனார்.

வத்தேகம ரயிலுக்கு நேரமாகிவிட்டது. பையன்கள் பெட்டியை எடுக்கவில்லை.

"மூணு தட்ட இன்னைக்கு ராத்தா தட்ட வேணாம்" என்று முத்துலிங்கம் பாயிஸாவிடம் சொன்னான். "தொடங்கி வெச்சது அவங்க. இத்தா முடிஞ்சி, அவங்களே வந்து முடிக்கட்டும். அதுவரைக்கும் கூட்டம் நடந்துக்கிட்டே இருக்கும். பெட்டி இங்கயே இருக்கட்டுங்க."

எல்லாரும் படியிறங்கினார்கள். முத்துலிங்கம் மட்டும் தயங்கித் தயங்கித் திரும்பி வந்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டான்.

"தங்கச்சி, இன்னொரு விசயம். நானாவுக்குக் காய்ச்சல் கண்ட அன்னைக்கு, பொழுது சாயுற நேரம், நான்தான் ஆத்தங்கரையிலேருந்து அவரைத் தாங்கிக் கூட்டியாந்தேன். வழியில ஒரு சேதி சொன்னாரு. ராத்தாகிட்ட மட்டும், நேருல சொல்லணுமாம். எழுதியும் குடுக்கக்கூடாதாம்."

"இத்தா முடிய இன்னும் நாப்பத்தொம்பது நாள் ஈக்கே."

"காத்திருக்கேங்க. ஆனா எதப் பத்தின்னு மட்டும் சொல்லி வைங்க." குரலைத் தாழ்த்தினான். ஆனால் திரைதானே, சுவரா? "சட்டி வராத அந்த ஞாயித்துக்கிழமை பத்தி. அன்னைக்கு நானா எங்க கூட்டத்துக்கு வந்து சேர்றதுக்கு முந்தி எங்க போயிருந்தாருன்னு எனக்கு மட்டுந்தாங்க தெரியும்."

அவன் போய்விட்டான். கீழே மலைக்குள் நுழைகிற ரயில் கூவியது.

ஸுலைஹா பெட்டியின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை. தேநீர்க் கோப்பையை எடுக்க வந்த பாயிஸாவிடம், நெடுநேரம் கழித்து, ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அந்தப் பித்தளைத் தூக்குச்சட்டி எங்க ஈக்கி புள்ள? வார ஞாயித்துக்கிழமைக்குள்ள புளி போட்டுத் தேச்சி வைக்கோணும்."